விசிறி உதிர்த்த சிங்காரி

கரண்ட் போன அந்த நிமிஷத்தில் வீட்டுக்கே காது அடைத்துக்கொண்டதுபோல இருந்தது தனிஸ்லாஸுக்கு. தலைக்கு மேலே மின்விசிறி இன்னும் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றதையோ, ஃபிரிட்ஜ் ஒரு குலுங்கு குலுங்கி வாயை மூடிக்கொண்டதையோ அவர் பொருட்படுத்தவில்லை. ஹாலில் சுவரை ஒட்டி நாலடி நீளத்துக்கு நின்ற கண்ணாடி மீன்தொட்டியில் தண்ணீர் அசைவதை நிறுத்திவிட்டதே, அதுதான் அவருக்குக் கவலை. மாதாந்திரப் பராமரிப்பு, ஒன்பதிலிருந்து இரண்டு மணிவரை மின்சாரம் இருக்காது என்று நேற்றே பேப்பரில் வந்திருந்தது, தெரிந்த விஷயம்தான், தெரிந்திருந்தால் மட்டும் என்ன, ஊசி போடப்போகிறார்கள் என்று தெரிந்தால் வலிக்காமலா இருக்கிறது. தயாராக வைத்திருந்த பேட்டரி பம்பைத் தட்டிவிட்டார். அது கொசு மாதிரி முனகிக்கொண்டு தண்ணீருக்குள் குமிழிகளை விட்டது. தண்ணீர் சூடாகாமலிருக்க ஃப்ரீசரிலிருந்து ஐஸ் பாட்டிலை எடுத்து மூடி இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மெல்ல மிதக்கவிட்டார். அப்புறம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பாறைக்கு இடதுபக்கம் மணலில் செங்குத்தாக நின்ற அந்தக் குழாயைப் பார்த்தார். சேறு பூசிய பென்சில் மாதிரி ஒரு குழாய். அதற்குள்ளேதான் சிங்காரி இருக்கிறாள். இருக்கவேண்டும். இருக்கிறாள் என்றுதான் மனைவி பிரகாசி சொல்லியிருக்கிறாள், அவள் கெமிஸ்ட்ரி டீச்சர், ஆதாரம் இல்லாமல் எதையும் சொல்ல மாட்டாள், ஆனால் அவளும் நானூறு மைலுக்கு அப்பால் தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டுதானே சொன்னாள், இங்கே முகத்துக்கு நேராகக் குழாயின் வாய் கறுப்பாகத் திறந்து கிடக்கிறது, உள்ளே ஆள் இருப்பதாக ஓர் அறிகுறியும் இல்லை. வெளியூர் போனவர்கள் வீட்டு வாசல் மாதிரி.

சிங்காரி ஒரு விசிறிப் புழு. புழு என்று சொன்னால் ஜனங்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள், ஆறு மாதத்துக்கு முன்னால் அவரும்தான் சுளித்தார். ஆனால் அவள் குழாய்க்குள்ளிருந்து தலையை நீட்டி விரித்தால் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இறகு விசிறி, பழுப்பும் வெள்ளையும் வரிவரியாக, ஓரத்தில் லேசாக ஊதா, யாரோ பட்டுநூலில் பின்னி வைத்தது மாதிரி. அந்த விசிறியால்தான் அவள் மூச்சு விடுவாள், அந்த விசிறியால்தான் தண்ணீரில் மிதக்கிற தூசி மாதிரியான தீனியைச் சலித்துச் சாப்பிடுவாள். நிழல் பட்டால் போதும், படக்கென்று உள்ளே போய்விடுவாள். ரோஷக்காரி. பெயர் வைத்தது பிரகாசிதான். அப்படிப்பட்ட சிங்காரியின் விசிறி, பிரகாசி ஊருக்குப் போன ஒரு வாரத்துக்குள், ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே வந்து பார்த்தால், மணலில் கழன்று கிடந்தது. வாயில் நுரையோடு அப்படியே நின்றார். சாவு வீட்டு வாசலில் கிடக்கிற பூ மாதிரி, சே, என்ன உவமை இது, காலங்காத்தாலே. தொட்டியில் சுற்றித் திரிகிற சங்கு நண்டு வேறு, எல்லா இடத்திலும் மூக்கை நுழைப்பதால் தாசில்தார் என்று பெயர், அது உதிர்ந்த விசிறிப் பக்கத்தில் உட்கார்ந்து விசாரணை நடத்திக்கொண்டிருந்தது. பேஸ்ட் நுரையை விழுங்கிவிட்டு அவர் பிரகாசிக்கு ஃபோன் போட்டார். அவள் அம்மாவுக்குக் கண்ணில் புரை எடுத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அங்கே சொட்டு மருந்து ஊற்றுகிற நேரம்.

"பிரகாசி, சிங்காரி போயிட்டா."

"எங்க போயிட்டா?"

"விசிறி தனியா கெடக்குது. நான் ஒண்ணும் பண்ணல. தண்ணி கொறைஞ்சா ஊத்தச் சொன்ன, ஊத்துனேன். அவ்ளோதான்."

"எந்தத் தண்ணிய ஊத்துனிய?"

"நல்ல தண்ணிதான். வெள்ளை மூடி ட்ரம்லேர்ந்து."

 அந்தப் பக்கம் அவள் சிரித்தாளா, இருமினாளா என்று இன்றுவரை அவருக்குத் தெளிவில்லை. "ஐயோ, அது உப்புத் தண்ணிலா! நீல மூடிதான் நல்ல தண்ணி."

அவர் தரப்பு நியாயத்தையும் சொல்லவேண்டும். முதல் நாள் இரண்டு ட்ரம்முக்கும் நடுவில் கையில் மக்கோடு வெகுநேரம் நின்றார். நல்ல தண்ணி ஊற்றுங்கள் என்றுதான் பிரகாசி சொல்லிவிட்டுப் போனாள். நமக்கு நல்ல தண்ணி வேறு, கடல் ஜீவனுக்கு நல்ல தண்ணி வேறு இல்லையா, மீனுக்குப் போய்க் குடிதண்ணீரை ஊற்றினால் அது எப்படி நல்லதாகும், என்று நிதானமாக, படித்த மனுஷனாக யோசித்து, உப்புத் தண்ணீரை ஊற்றினார். தினமும் ஊற்றினார். வெயிலில் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு எங்கேயும் போவதில்லை, தொட்டியிலேயே தங்கிவிடுகிறது, மேலும் மேலும் உப்புத் தண்ணீரே ஊற்றினால் தொட்டி ஊறுகாய் ஜாடி ஆகிவிடும் என்பது பிறகு பிரகாசி சொல்லித்தான் புரிந்தது. எட்டாங்கிளாஸ் பாடம். இதில் மானம் போகிற சமாச்சாரம் ஒன்று உண்டு. உப்பைப் பார்க்க அவள் ஒரு கருவி வைத்திருக்கிறாள், சின்ன தூரதிருஷ்டிக் குழாய் மாதிரி, ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்து வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால் நீலமும் வெள்ளையும் பிரிகிற கோடு உப்பைச் சொல்லிவிடும். தனிஸ்லாஸ் பெரம்பூரில் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபத்தைந்து வருஷமாக ஜனங்களுக்குப் பவர் பார்க்கிறவர். கண்ணில் வைத்துப் பார்க்கிற கருவி ஒன்று வீட்டில் இருந்து, அதை எடுத்துப் பார்க்கத் தோன்றாத ஒரே மனிதர் இந்த ஊரில் அவராகத்தான் இருக்கும்.

அன்றைக்கு அவள் சொன்னதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சட்டுனு மாத்திராதிய, உப்பு கூடுனது எப்படி மெதுவாக் கூடுச்சோ அப்படி மெதுவாத்தான் கொறைக்கணும், தெனம் கொஞ்சம் தொட்டித் தண்ணிய எடுத்துட்டு அந்த அளவுக்கு நீல மூடி. குழாய நோண்டாதிய, வெளிய இழுத்துப் பாக்காதிய. அந்தத் தாசில்தாரத் தனியாப் போடுங்க, அவன் கூட்டுக்குள்ள கால விட்டுப் பாப்பான். செத்திருந்தா வெளிய வந்து கெடக்கும், நாத்தம் அடிக்கும், இல்லன்னா உசிரோடதான் இருக்கு, ரொம்பச் சங்கடம் வந்தா விசிறிய உதுத்துரும், தண்ணி சரியானா திரும்ப மொளைக்கும். எல்லாம் சரி. தாசில்தாரை ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கூடையில் போட்டுத் தொட்டி ஓரமாகத் தொங்கவிட்டார், அது கம்பிக்குப் பின்னால் நிற்கிற அரசியல்வாதி மாதிரி அவரையே முறைத்துக்கொண்டு இருந்தது. உப்புக் கோடு இரண்டு வாரத்தில் நாளுக்கு நாள் இறங்கி நிற்கவேண்டிய இடத்தில் வந்து நின்றது. தினம் காலையில் தண்ணீர்மேல் குனிந்து மோந்து பார்த்தார், கடற்கரைக் காற்று மாதிரி வந்ததே ஒழிய நாற்றம் இல்லை. எல்லாம் சரி. ஆனால் ஃபோனை வைப்பதற்கு முன்னால் கடைசியாக அவள் சொன்னாளே ஒன்று, அதுதான் சரியாக இல்லை. "விடுங்க, புழுதான" என்றாள்.

விடுங்க. அந்த வார்த்தையை அவர் எத்தனையோ விதமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டார். கடையில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இதுவா தெளிவா இருக்கு, இதுவா, என்று கேட்பதுபோல. கவலைப்படாதீர்கள் விடுங்கள் என்றா? உங்களிடம் கொடுத்துவிட்டுப் போனேனே என்னைச் சொல்லவேண்டும் விடுங்கள் என்றா? இதுவா, இதுவா? புழுதான என்பதில் அந்தத் 'தான' இருக்கிறதே, அது லேசாக இருந்ததா, கனமாக இருந்ததா? சிங்காரியைப் புழுதானே என்று சொல்கிறவளா அவள்? ஸ்கூலிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுகிறபோதே "சிங்காரி சாப்பிட்டாளா" என்று கேட்கிறவள். அப்படிப்பட்டவள் விடுங்க என்கிறாள் என்றால் அவளுக்கு எதையும் விட்டுவிட வருகிறது என்று அர்த்தம். எதையெல்லாம் விட்டிருக்கிறாள் என்று எண்ணிப் பார்த்தால் பயமாக இருந்தது. ஊரை விட்டாள். பதினெட்டு வருஷம் பார்த்த வேலையை விட்டு இங்கே ஒரு சின்ன ஸ்கூலில் சேர்ந்தாள். மாடியில் நின்றால் துறைமுக விளக்கு தெரிகிற வீட்டை விட்டு, ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் குளியலறை தெரிகிற வில்லிவாக்கத்து ஃபிளாட்டுக்கு வந்தாள். நாற்பத்து நாலு வயதில் கல்யாணம், நாற்பத்தொன்பது வயது மாப்பிள்ளை, தலையில் முடியும் போதாது. போன வாரம் வேறு ஃபோனில் சிரித்துக்கொண்டே, "அம்மா என்னய இங்கயே இருந்துருன்னு சொல்லுதா" என்றாள். நீ என்ன சொன்ன என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்பதற்குள் குக்கர் விசில் அடித்தது என்று வைத்துக்கொண்டார், ஆனால் அடுப்பில் அன்றைக்குக் குக்கரே இல்லை. இன்றைக்குத் திரும்பி வருகிறாள், ரயில் பக்கத்தில் வந்ததும் கூப்பிடுகிறேன் என்றிருந்தாள்.

பேட்டரி பம்பின் முனகல் இழுத்துக்கொண்டே போய் நின்றது. தனிஸ்லாஸ் அதைத் தட்டினார், குலுக்கினார், பேட்டரியை எடுத்துச் சட்டையில் தேய்த்துத் திரும்பப் போட்டார். ஊஹூம். சுவர்க்கடிகாரத்தைக் கழற்றினார், ரிமோட்டைத் திறந்தார். அதிலெல்லாம் சுண்டுவிரல் பேட்டரி, இதற்கு வேண்டியது கட்டைவிரல் பேட்டரி. கடைக்கு ஓடலாம், தெருமுனைதான், ஆனால் போன நேரத்தில் ஏதாவது ஆகிவிட்டால்? இரண்டு கோமாளி மீன்களும் மேல்மட்டத்துக்கு வந்து அவர் என்ன செய்யப்போகிறார் என்று வேடிக்கை பார்த்தன. மக்கை எடுத்தார். தொட்டித் தண்ணீரையே மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து, சிங்காரி இல்லாத வலதுபக்கமாகத் திரும்ப ஊற்றினார். சளசளவென்று குமிழி கிளம்பியது. இதுவும் பம்புதானே. மொண்டு ஊற்று, மொண்டு ஊற்று. அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது.

"என்னங்க, ரயிலு லேட்டு. நீங்க ஸ்டேஷனுக்கு வரவேண்டாம், நானே ஆட்டோ பிடிச்சு வந்துருவேன்."

"எங்க வந்திருக்கு இப்ப?"

"அது... இங்கதான், வெளிய ஒண்ணும் தெரியல. என்ன சத்தம் அது, குளிக்கியளா?"

"தொட்டிக்கு ஊத்திட்டு இருக்கேன். அதே தண்ணிதான், அதே தண்ணிதான்" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். அவள் சரி என்று வைத்துவிட்டாள். வெளியே ஒன்றும் தெரியவில்லையாம். பட்டப்பகலில் ரயில் ஜன்னலுக்கு வெளியே எப்படி ஒன்றும் தெரியாமல் போகும்? கண் சம்பந்தப்பட்ட விஷயத்தில் அவரை ஏமாற்ற முடியாது. வரவே இல்லையோ. ரயிலே ஏறவில்லையோ. சே சே, ஆட்டோ பிடிச்சு வருவேன் என்றாளே. மொண்டு ஊற்று. வலதுகை வலித்தால் இடதுகை. கதவு திறந்தே இருந்ததால் மாடி ஏறிக்கொண்டிருந்த செங்குட்டுவன் உள்ளே எட்டிப் பார்த்தார். ஃபிளாட் சங்கத்துச் செயலாளர், மோட்டார் ஓடுகிறதா ஓடவில்லையா என்பதே அவர் வாழ்க்கை.

"என்ன சார், மீனைக் குளிப்பாட்டுறீங்களா?"

"கரண்ட் இல்ல சார். காத்து வேணும் அதுங்களுக்கு."

"எவ்ளோ நேரமா?"

"அது தெரியல. கடிகாரத்தப் பிரிச்சுட்டேன்."

செங்குட்டுவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். தொட்டியை மேலும் கீழும் பார்த்தார். குழாயைக் காட்டி, "இது என்ன, ஸ்ட்ராவா?" என்றார். தனிஸ்லாஸ் சொன்னார், விசிறி, உதிர்ந்தது, உள்ளே இருக்கிறாள், முளைக்கும், எல்லாம். சொல்லச் சொல்ல அவருக்கே அது நம்புகிற மாதிரி இல்லை. ஆனால் செங்குட்டுவன் சிரிக்கவில்லை. "பல்லி வால் மாதிரி" என்றார். "ஆமா ஆமா" என்றார் தனிஸ்லாஸ், ஏதோ கேஸ் ஜெயித்த மாதிரி. "குடுங்க, நான் கொஞ்சம் ஊத்துறேன், நீங்க போய் ஒரு வாய் தண்ணி குடிங்க, சட்டையப் பிழியலாம் போல இருக்கு." செங்குட்டுவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊற்ற ஆரம்பித்தார், ஊற்ற ஊற்ற அவருக்குப் பிடித்துவிட்டது, உயரத்தைக் கூட்டி டீ ஆற்றுகிற மாதிரி ஒரு லயத்தோடு ஊற்றினார். மேல்மாடியிலிருந்து அவர் மனைவி, மோட்டார் விஷயமா போனவர் எங்கே என்று குரல் கொடுக்கிறவரை மக்கைக் கீழே வைக்கவில்லை. போகும்போது, "மொளைச்சா சொல்லுங்க சார்" என்றார். அந்த வார்த்தை தனிஸ்லாஸுக்குச் சர்பத் குடித்த மாதிரி இருந்தது. மொளைச்சா சொல்லுங்க. இந்த உலகத்தில் சிங்காரிக்காக இப்போது மூன்று பேர் இருக்கிறார்கள்.

மொண்டு ஊற்று. கை பழகிவிட்டால் மனசு தன்பாட்டுக்குக் கிளம்பிவிடுகிறது. பெண் பார்க்கப் போனபோது, அந்த வயதில் அதைப் பெண் பார்ப்பது என்று சொல்லலாமா தெரியவில்லை, பங்குச் சாமியார் வீட்டு வராந்தாவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள், சம்பளம் கேட்பாள், சொந்த வீடா கேட்பாள் என்று பதிலெல்லாம் தயார் செய்துகொண்டு போயிருந்தார். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "உங்க வீட்டு ஹால்ல நாலடி இடம் கெடைக்குமா?" பீரோவாக இருக்கும் என்று நினைத்து, தாராளமா, என்றார். தொட்டி வந்து இறங்கியது. ஊரெல்லாம் கட்டிலும் பீரோவும் சீராக வரும், எனக்கு மட்டும் கடல் வந்தது என்று கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருவரும் கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போனார்கள், கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்து போன முதல் கடைத்தெரு, மற்றவர்கள் புடவைக் கடைக்குப் போவார்கள். தெரு முழுக்கப் பிளாஸ்டிக் பைகளில் மீன் தொங்கியது. அங்கே ஒரு தொட்டியில் இந்த விசிறியைப் பார்த்து அவர்தான் நின்றார், அவள் இல்லை, அவர்தான். இது பூவா என்று கேட்டார். கடைக்காரர் பதில் சொல்வதற்குள் அவர் நிழல் பட்டு அது படக்கென்று மறைந்துவிட்டது, அவர் பயந்து பின்னால் நகர்ந்து யாருடைய காலையோ மிதித்தார், பிரகாசி வாய்விட்டுச் சிரித்தாள். கடைத்தெருவில், பல் தெரிய, முந்தானையால்கூட மறைக்காமல். அந்தச் சிரிப்புக்குத்தான் சிங்காரியை வாங்கினார். அதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது அந்தச் சிரிப்பும் சேர்ந்து உதிர்ந்துவிட்டால்? வேளாங்கண்ணி மாதாவுக்கு வேண்டிக்கொண்டிருந்தார், சிங்காரிக்கு விசிறி முளைத்தால் மொட்டை போடுகிறேன் என்று. வேண்டிய பிறகுதான் உறைத்தது, போடுவதற்கு இருப்பதே காதோரம் கொஞ்சம்தான், மாதாவையே ஏமாற்றுகிற வேலை இது, அதனால் மீசையையும் சேர்த்துக்கொள்கிறேன் தாயே என்று திருத்தி வேண்டிக்கொண்டார். நானூறு மைல், கடலை விட்டு நானூறு மைல் வந்துவிட்டாள் என்றும் சொல்ல முடியாது, இங்கேயும் கடல் இருக்கிறது, மெரினா இருக்கிறது, ஆனால் அது என்னவோ அடுத்தவர் வீட்டுக் கடல் மாதிரி இருக்குங்க என்று ஒருநாள் சொன்னாள்,

குழாயின் வாயில் ஏதோ இருந்தது.

மக்கு அந்தரத்தில் நின்றது. தூசியாக இருக்கும். பாசியாக இருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரும்ப இறக்கி, தலையைச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். இப்ப தெரியுதா? இப்ப? குழாயின் கறுத்த வாய்க்கு நடுவில் அரும்புமீசை மாதிரி கொஞ்சம் இழைகள். நிறமே இல்லாமல், ரோஜாப்பூவைக் கழுவிய தண்ணீர் மாதிரி வெளிறி. ஒன்று மடங்கி நிமிர்ந்தது. பாசி அப்படி மடங்காது. பாசிக்கு அப்படி ஓர் எண்ணம் வராது. இன்னும் கொஞ்சம் வெளியே வந்தது, பழைய டூத் பிரஷ் அளவுகூட இல்லை, அதற்குள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றது, குழந்தை கையில் பிடித்த விசிறி மாதிரி. "ஏய்!" என்று கத்திக்கொண்டே தனிஸ்லாஸ் எழுந்தார், எழுந்த நிழல் தொட்டிமேல் விழுந்தது, படக். ஒன்றும் இல்லை. கறுத்த வாய். அவர் தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் அடித்த கையே சிரித்தது, ஏனென்றால் அந்தப் படக் இருக்கிறதே, அந்த வேகம், அந்த ரோஷம், அது பழைய சிங்காரியேதான். செத்தவர்களுக்கு ரோஷம் வராது.

"யாரு, யாருகிட்ட ஏய்ங்கிய?"

வாசலில் பிரகாசி நின்றாள். ஒரு தோளில் பை, ஒரு கையில் பெட்டி, இன்னொரு கை முதுகுக்குப் பின்னால். முகத்தில் ராத்திரி ரயிலின் அசதி.

"வந்துட்டா! மொளைச்சிருச்சு, இப்பத்தான், இந்த நிமிஷம், இவ்ளோண்டு, ரெண்டா பிரிஞ்சு. நான் எந்திரிச்சேன், உள்ள போயிட்டா. சத்தியமா பிரகாசி."

அவள் அவரைப் பார்த்தாள். நனைந்த சட்டை, சுருங்கி வெளுத்த விரல்கள், தரையில் பிரித்துப் போட்ட கடிகாரம். பெட்டியை வைத்தாள். முதுகுக்குப் பின்னாலிருந்த கையை மெல்ல முன்னால் கொண்டுவந்தாள். ஊதிக் கட்டிய பிளாஸ்டிக் பை, பாதி தண்ணீர், அதற்குள் இன்னொரு குழாய்.

"இது என்ன?"

"ரயிலு காலைலயே வந்துட்டு. நேரா கொளத்தூருக்குப் போயிட்டேன்." திருடி அகப்பட்டவள் மாதிரி சிரித்தாள். "அன்னைக்கு ஃபோன்ல உங்க கொரலு... எங்க அய்யா செத்தன்னைக்குக்கூட யாரும் எங்கிட்ட அப்படி ஒரு கொரல்ல சொல்லல. நீங்க ஒடஞ்சு போயிருவியளோன்னு பயம். அதான் விடுங்க, புழுதானன்னேன், வேற என்ன சொல்லன்னு தெரியல. வச்சுட்டு நான் பொறவாசல்ல போய் அழுதேன். அம்மா கேக்கா, புழுவுக்கா அழுவுதன்னு. புழுவுக்கு இல்லம்மா, அங்க ஒரு மனுசன் தனியாக் கெடந்து தவிக்காருன்னேன்."

தனிஸ்லாஸ் மக்கைக் கீழே வைத்தார். கேட்கவேண்டியதைக் கேட்டே விட்டார். "அம்மா உன்னை அங்கேயே இருக்கச் சொன்னாங்களே."

"சொன்னா. தொட்டிக்குத் தண்ணி யாரு பாப்பான்னேன், வாய மூடிக்கிட்டா." பையிலிருந்து கட்டைவிரல் பேட்டரி இரண்டை எடுத்து நீட்டினாள். "நேத்தே கரண்டு கட்டுன்னு சொன்னியளே. இத மாத்துங்க மொதல்ல. எப்படி வேர்த்து ஊத்துது பாருங்க."

பம்பு திரும்ப முனகத் தொடங்கியது. புதுசைப் பையோடு தொட்டியின் ஓரத்தில் மிதக்கவிட்டாள், சூடு ஒன்றாகட்டும், உடனே அவுத்துவிடக் கூடாது என்றாள். உப்புக் கருவியை எடுத்து ஒரு சொட்டு வைத்து ஜன்னலைப் பார்த்துக் கண்ணில் வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவளைப் பார்ப்பதுபோல அவர் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்படியே கோட்டுல நிக்கி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இருபத்தைந்து வருஷ சர்வீஸில் அவருக்கு யாரும் இப்படியொரு சான்றிதழ் கொடுத்ததில்லை.

"சரி, காட்டுங்க உங்க சிங்காரிய."

இருவரும் தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். அசையக் கூடாது, நிழல் விழக் கூடாது. கூடைக்குள்ளிருந்து தாசில்தாரும் பார்த்தது. குழாய் கறுப்பாக இருந்தது. "நெசமாப் பாத்தியளா?" என்று கிசுகிசுத்தாள். "பாத்தேன்." "பாசி இல்லையே?" "கண்ணு டெஸ்ட் பண்றவன்கிட்டயா கேக்குற?" அவள் தோள் குலுங்கியது, சத்தமில்லாமல் சிரித்தாள். எதிர்வீட்டில் யாரோ மீன் வறுத்தார்கள், வாசனை வந்தது, பசித்தது, எழுந்தால் நிழல் விழும். அவள் ஊரில் நடந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தாள். அம்மா கட்டுப் பிரித்ததும் முதலில் சுவரைப் பார்த்து, ஐயோ இவ்வளவு அழுக்கா என்று கேட்டது, அண்ணன் பிள்ளை கோரஸில் பாடியது, ரயிலில் எதிர் பெர்த்காரர் குறட்டை. ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றாள். அடுத்த வார்த்தைக்காக அவர் காத்திருந்தார். அது வரவில்லை. அவள் தலை மெதுவாகச் சரிந்து அவர் தோளில் வந்து இறங்கியது. ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்க மாட்டாள். மூச்சு சீராக வந்தது.

அப்போதுதான் சிங்காரி வெளியே வந்தாள். அவசரமே இல்லாமல், முதலில் இரண்டு இழை, பிறகு நாலு, பிறகு அந்தக் குட்டி விசிறி முழுசாக, இரண்டு மடலும் பிரிந்து, பம்பு விட்ட குமிழியின் சலனத்தில் லேசாக ஆடிக்கொண்டு. ஓரத்தில் ஊதாவாகக்கூட இருந்தது, அல்லது அவருக்கு அப்படித் தோன்றியது. பிரகாசி, பிரகாசி, பாரு, என்று நாக்கு நுனிவரை வந்தது. எழுப்பினால் அவள் திடுக்கிடுவாள், தலை நிமிரும், நிழல் விழும், இவள் உள்ளே போய்விடுவாள். எழுப்பாவிட்டால் அவளுக்குத் தெரியாது. இடதுகால் மரத்துப் போயிருந்தது, கணுக்காலில் ஓர் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. திடீரென்று கரண்ட் வந்தது. மேலே மின்விசிறி கிரீச்சிட்டுக் கிளம்பியது, தொட்டி மோட்டார் உறுமியது, ஃபிளாட் முழுக்க டி.வி.க்கள் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தன, செங்குட்டுவன் மாடியிலிருந்து வந்துருச்சு வந்துருச்சு என்று கத்தினார். சிங்காரி ஒரு நொடி சுருங்கிவிட்டு, என்ன தோன்றியதோ, திரும்ப விரித்துக்கொண்டாள். பிரகாசியும் ஏதோ முனகிவிட்டு அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். தூங்கட்டும், என்று நினைத்தார் தனிஸ்லாஸ். நாளைக்கும் பார்க்கலாம், நாளன்றைக்கும் பார்க்கலாம், விசிறி இன்னும் பெரிதாகத்தானே ஆகப்போகிறது. எறும்பு முழங்கால்வரை வந்துவிட்டது. அவர் அசையவில்லை.